செல்சியா, வுஸ்டரா, போலியா? நீதிக்கதைப் படம் தீட்டிய பழைய ஆங்கிலப் பீங்கானைப் படிக்கும் முறை

நரியும் நாரையும் தீட்டிய ஒரு சாஸரைப் புதியவர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். முதலில் படத்தைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு கவிழ்த்து முத்திரையைத் தேடுவார். சிவப்பு நங்கூரம் கண்ணில் பட்டதும் ‘செல்சி, 1753’ என்று எழுதிவிடுவார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. முதல் வருடம் முழுக்க நானும் அப்படித்தான் செய்தேன்.

படத்தைப் பின்னாளில் தீட்டிவிடலாம். முத்திரையை யார் வேண்டுமானாலும் போடலாம். மண்ணை மட்டும் மாற்ற முடியாது. அதனால் மண், வெளிச்சம், முத்திரை, எனாமல் (படம் தீட்டிச் சுட்ட வண்ணப் பூச்சு), பழுது என்று பார்த்துவிட்டு, கடைசியில்தான் படத்துக்கு வர வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. 1750-களில் லண்டன் செல்சியிலும், 1770-ஐ ஒட்டி வுஸ்டரிலும் செய்யப்பட்ட பாத்திரங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஈசாப் கதைப் படங்கள் அதிகம் கிடைப்பது இந்த இரண்டு பட்டறைகளில்தான்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மேசைமேல் நான்காக மடித்த தடித்த துண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். சூடேறாத சிறிய எல்.இ.டி. டார்ச். புற ஊதா டார்ச். மில்லிமீட்டர் அளவுகோல். பென்சில், நோட்டு. பேனா வேண்டாம், மெருகு (மண்ணைப் போர்த்தியிருக்கும் கண்ணாடிப் பூச்சு) இல்லாத இடத்தில் மை பட்டால் உள்ளே இறங்கிவிடும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். துணிக் கையுறை போடாதீர்கள். புகைப்படத்தில் பார்க்க மரியாதையாகத்தான் இருக்கும், ஆனால் மெருகின் மேல் வழுக்கும். கழுவித் துடைத்து உலர்ந்த வெறுங்கை போதும்.

2. தூக்குவது

மூடி இருந்தால் முதலில் மூடியை எடுத்துத் தனியாக வையுங்கள். தேநீர்க் கெண்டியைக் கைப்பிடியில் பிடிக்கக் கூடாது, மூக்கிலும் பிடிக்கக் கூடாது. இரண்டு கையாலும் வயிற்றில் பிடியுங்கள். கைப்பிடி எப்போதோ உடைந்து ஒட்டப்பட்டிருக்கலாம், அந்தப் பசைக்கு இப்போது எத்தனை வயது என்று உங்களுக்குத் தெரியாது. துண்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் வைத்தே பாருங்கள்.

3. கவிழ்த்து மண்ணைப் பாருங்கள், முத்திரையை அல்ல

முத்திரை கண்ணில் படத்தான் செய்யும். இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள். கால் வளையத்தில் மெருகு இல்லாத இடம் எங்கே, சில்லு தெறித்த இடம் எங்கே என்று தேடுங்கள். மண் தன்னைக் காட்டிக்கொடுப்பது அங்கேதான்.

செல்சி, வுஸ்டர் இரண்டுமே ‘சாஃப்ட் பேஸ்ட்’. சீனாவும் ஜெர்மனியின் மைசனும் செய்தது கயோலின் என்னும் வெண்களிமண் கலந்த ‘ஹார்ட் பேஸ்ட்’. சாஃப்ட் பேஸ்டில் சில்லு தெறித்த இடம் உடைத்த பிஸ்கட்டைப் போலப் பொடிப்பொடியாக, சொரசொரப்பாக இருக்கும். ஹார்ட் பேஸ்டில் கண்ணாடி உடைந்ததுபோல் வழவழப்பாக, சிப்பி வடிவில் இருக்கும். செல்சி என்று சொல்லப்படும் பாத்திரத்தின் சில்லு கண்ணாடி மாதிரி இருந்தால் மேலே போக வேண்டியதில்லை. 1845-இல் பாரிஸில் எட்மே சாம்சன் தொடங்கிய பட்டறை செல்சியையும் வுஸ்டரையும் ஏராளமாக நகலெடுத்தது. அந்த நகல்கள் பெரும்பாலும் ஹார்ட் பேஸ்ட்.

செல்சியில் கால் வளையத்தின் அடி பல நேரம் சாணை பிடித்துத் தட்டையாக்கப்பட்டிருக்கும். தட்டுகளின் அடியில், சூளையில் தாங்கி நின்ற முட்களின் தடம் சிறு புள்ளிகளாகத் தெரியும்; பெரும்பாலும் மூன்று. புதியவர்கள் இதைக் குறை என்று குறித்துவிடுகிறார்கள். குறையல்ல, சாட்சி.

வுஸ்டர் மண்ணில் சோப்புக்கல் உண்டு, அதாவது நம் ஊரில் மாக்கல் என்று சொல்லும் வகை. அதனால் கொதிநீர் ஊற்றினாலும் தாங்கும், மெருகில் வலைவெடிப்பு அநேகமாக வராது. கால் வளையத்தின் உட்பக்கம் மெருகு சற்றுப் பின்வாங்கி ஒரு மெல்லிய வெற்றுக் கோடு ஓடும். இதைப் பார்த்ததுமே ‘வுஸ்டர்’ என்று துள்ள வேண்டாம். காஃப்லி என்ற இன்னொரு ஆங்கிலப் பட்டறையின் பாத்திரங்களிலும் இதே கோடு உண்டு. ஒற்றை அடையாளத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

4. பின்னாலிருந்து வெளிச்சம்

அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பாத்திரத்துக்குப் பின்னால் பிடியுங்கள். சிவப்பு நங்கூரக் காலத்துச் செல்சியில் சுற்றியுள்ள மண்ணைவிட வெளிச்சமான வட்டப் புள்ளிகள் தெரியும். ‘நிலாக்கள்’ என்பது சேகரிப்பவர்கள் அவற்றுக்கு வைத்த பெயர். மண்ணுக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்களே அவை. வுஸ்டரில் ஒளி பொதுவாக லேசான பச்சை சாயலோடு வரும்.

நிலா தெரியாவிட்டால் போலி என்று முடிவுகட்டாதீர்கள். தடித்த அடிப்பகுதியில் எதுவும் தெரியாமல் போகலாம், வேறு சில பட்டறைகளின் மண்ணிலும் நிலா உண்டு. இந்தச் சோதனையைப் படத்துக்கு முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் வேறு: படத்தைப் பார்த்து மனம் ‘செல்சி’ என்று முடிவு செய்துவிட்டால் கண் இல்லாத நிலாவையும் காணும்.

விரிசல் தெரிவதும் இந்த வெளிச்சத்தில்தான். தெரிந்தால் அங்கேயே நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பட்டப்பகலில் கண்டுபிடிக்க முடியாது.

5. இப்போது முத்திரை

செல்சி முத்திரைகள் காலவரிசையில் இவை: கீறிய முக்கோணம், 1749 வரை; சிறு நீள்வட்ட வில்லைமேல் புடைத்த நங்கூரம், 1749 முதல் 1752 வரை; சிவப்பு நங்கூரம், 1752 முதல் 1756 வரை; தங்க நங்கூரம், அதற்குப் பின் 1769 வரை. நீதிக்கதைத் தேநீர்ப் பாத்திரங்கள் புடைத்த நங்கூரக் காலத்திலும் சிவப்பு நங்கூரக் காலத்திலும்தான் மிகுதி.

அளவுகோலை எடுங்கள். உண்மையான சிவப்பு நங்கூரம் மிகச் சிறியது, சுமார் 5 மி.மீ.தான் இருக்கும். மெல்லிய கோடு, அவசரக் கை. ஓரத்திலோ கால் வளையத்துக்கு அருகிலோ ஒதுங்கி நிற்கும். நடு அடியில் ஒரு சென்டிமீட்டருக்கு ‘என்னைப் பார்’ என்று நிற்கும் நங்கூரத்தை நம்பாதீர்கள்.

முத்திரையே இல்லாத அசல் செல்சிப் பாத்திரங்கள் நிறைய உண்டு. வுஸ்டரில் மெருகுக்கு அடியில் நீலத்தில் பிறையோ, சீன எழுத்தைப் போலக் கட்டமிட்ட சதுரமோ இருக்கும். இரண்டையும் நகலெடுத்திருக்கிறார்கள். மூன்றாம் படியில் மண் சொன்னதோடு முத்திரை முரண்பட்டால், மண் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

6. எனாமல்: படம் எப்போது தீட்டப்பட்டது?

அவசரக்காரர்கள் தாண்டிவிடும் படி இது. பாத்திரம் அசலாக இருந்து படம் மட்டும் பின்னாளில் ஏறியிருக்கலாம். வெறும் வெள்ளையாகவோ ஓரத்தில் நாலு பூவோடோ இருந்த 18ஆம் நூற்றாண்டுப் பாத்திரத்தை வாங்கி, விலை ஏறும் படமாகத் தீட்டி, மறுபடி சுட்டு விற்றார்கள். நீதிக்கதைப் படத்துக்கு விலை அதிகம் என்பதால் இங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

லென்ஸை வைத்து மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பழைய கீறல்கள். தட்டில் கத்திக் கீறல் இருந்தால் அது எனாமலையும் கிழித்திருக்க வேண்டும். எனாமல் கீறலுக்கு மேலே ஓடி அதை நிரப்பியிருந்தால் கீறல் முந்தியது, படம் பிந்தியது. இரண்டாவது, மெருகில் கரும்புள்ளியோ கொப்புளமோ. பல காலம் புழங்கிய பாத்திரம் ஈரமும் அழுக்கும் உறிஞ்சியிருக்கும். அதை மறுபடி சூளையில் வைத்தால் அவை வெடித்து வெளியே வரும். மூன்றாவது, எனாமலின் விளிம்பு. சாஃப்ட் பேஸ்டின் ஈய மெருகில் எனாமல் சற்று அமிழ்ந்து உட்கார்ந்திருக்கும். ஹார்ட் பேஸ்டில் மேலே தடிப்பாக நிற்கும், விரலுக்குத் தட்டுப்படும்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஒரு வண்டோ, பூங்கொத்தோ, பட்டாம்பூச்சியோ வெள்ளை இடத்தில் சிதறிக் கிடந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல நேரம் மெருகில் ஒரு குழியோ கறையோ இருக்கும். செல்சிக்காரர்கள் சூளைக் குறைகளை அப்படித்தான் மறைத்தார்கள். வண்டு குறைமேல் சரியாக உட்கார்ந்திருப்பது நல்ல செய்தி. விளிம்பில் ஓடும் மெல்லிய பழுப்புக் கோட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் காகியமோன் பாத்திரங்களைப் பார்த்துச் செல்சி எடுத்துக்கொண்ட வழக்கம் அது. கடைசிப் படியில் தேவைப்படும்.

7. பழுது பார்த்த இடங்கள்

இருட்டில் புற ஊதா டார்ச். பிசினும் மேல்பூச்சும் சுற்றியுள்ள மெருகைவிட வேறு மாதிரி ஒளிரும். எல்லாப் பூச்சும் ஒளிராது. அதனால் சாய்ந்த வெளிச்சத்தில் பளபளப்பு எங்கே மங்குகிறது என்றும் பாருங்கள். பூச்சு விரலுக்குப் பிளாஸ்டிக் போல வெதுவெதுப்பாக இருக்கும், மெருகு குளிர்ந்திருக்கும். ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், பல்லில் தட்டிப் பார்க்காதீர்கள், யார் சொல்லிக்கொடுத்தாலும்.

இதைப் படத்துக்கு முன்னால் செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை ஏலத்துக்கு முந்திய பார்வை நாளில் ஒரு தட்டின் ‘வாலில்லாத நரி’யைப் பார்த்து அரை மணி நேரம் குதூகலித்தேன். பொறியில் வாலை இழந்த நரி மற்ற நரிகளிடம் வாலே வேண்டாம் என்று பிரசங்கம் செய்யும் கதை. பிறகு டார்ச்சைப் பிடித்தால், வால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்து, வெள்ளைப் பூச்சு பூசி வைத்திருந்தார்கள். நரிக்கு வால் இருந்திருக்கிறது.

8. எந்தக் கதை? விலங்கை எண்ணாதீர்கள், பொருளைத் தேடுங்கள்

முதலில், இது கதைதானா என்று கேளுங்கள். வேட்டைக் காட்சி, சும்மா மேயும் மாடு, வுஸ்டரின் வண்ணப் பறவைகள் எல்லாம் நீதிக்கதை அல்ல. கதைப் படத்தில் இரண்டு விலங்குகள் ஒன்றையொன்று பார்த்துப் பேசும், அல்லது விலங்குக்குத் தேவையில்லாத ஒரு பொருள் இருக்கும். ஜாடி, கிணறு, முகமூடி, வலை, பலகை.

நரி ஈசாப்பில் எத்தனையோ கதைகளில் வருகிறது. ‘நரியும் பறவையும்’ என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது. பொருள்தான் கதையைச் சொல்லும். நாரைக்கு முன்னால் தட்டையான பாத்திரம் இருந்தால் நரி வைத்த விருந்து. கழுத்து நீண்ட ஜாடி இருந்தால் நாரை வைத்த பதில் விருந்து. கிணற்றுக்குள் கொம்பு, வெளியே நரி என்றால் ஆட்டின் முதுகில் ஏறித் தப்பித்த நரி. ஓநாயின் வாய்க்குள் கொக்கின் தலை போயிருந்தால் தொண்டையில் எலும்பு. நீரின் மேல் பலகையில் நாய் என்றால் நிழலுக்கு ஆசைப்பட்டு இறைச்சியை இழந்த நாய்.

ஓடைக்கரையில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் இருந்தால் நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மேல்பக்கம் நின்று குடிக்கும் ஓநாய், கீழ்ப்பக்கம் நிற்கும் குட்டி தண்ணீரைக் கலக்கியதாகக் குற்றம் சாட்டுவதுதான் கதையே. சிங்கக் கதைகளில் சுற்றிலும் பாருங்கள். வலை இருந்தால் எலி எங்கோ இருக்கும். குகை வாயில் படுத்திருந்தால் நோயாளிச் சிங்கம்; நலம் விசாரிக்க உள்ளே போன கால்தடங்கள் இருக்கின்றன, வெளியே வந்தவை இல்லை. கூறுபோட்ட மான் கிடந்தால் சிங்கத்தின் பங்கு.

தமிழ் வாசகர்களிடம் நான் தொடர்ந்து பார்க்கும் தடுமாற்றம் ஒன்று உண்டு. நமக்குப் பாதிக் கதைகள் பஞ்சதந்திரம் வழியாகவும் பாட்டி வழியாகவும் வந்தவை. காக்கையின் அலகில் வடையைத் தேடுகிறோம். அங்கே இருப்பது பாலாடைக்கட்டி, சில பதிப்புகளில் இறைச்சித் துண்டு. கொக்கைக் கண்டதும் நண்டைத் தேடுகிறோம். நினைவில் உள்ள கதையைப் படத்தின் மேல் போர்த்தாதீர்கள். தெரிந்த பொருட்களை முதலில் எழுதிவிட்டு, அந்தப் பட்டியலுக்குப் பொருந்தும் கதையைப் பிறகு தேடுங்கள்.

கோப்பைகளில் இன்னொரு சிக்கல். இடம் குறுகலானதால் ஓவியர் துணைப் பாத்திரங்களை வெட்டிவிடுவார். ஒரு பக்கம் ஒற்றை நரி மட்டும் இருந்தால் கோப்பையைத் திருப்புங்கள். எதிராளி மறுபக்கம் நிற்கலாம்.

9. மூலப் படத்தைத் தேடுதல்

ஓவியர்கள் காட்சிகளைப் பெரும்பாலும் சொந்தமாகக் கற்பனை செய்யவில்லை. அச்சிட்ட கதைப் புத்தகம் பக்கத்தில் இருந்தது. தேட வேண்டிய வரிசை: ஃபிரான்சிஸ் பார்லோவின் ஈசாப், 1666, மறுபதிப்பு 1687; சாமுவேல் கிராக்ஸலின் 1722 பதிப்பில் எலிஷா கிர்கால் வெட்டிய படங்கள்; ஜான் ஓகில்பியின் 1665 பதிப்பில் வென்செஸ்லாஸ் ஹோலர் பொறித்தவை. பார்லோவை முதலில் வைப்பதற்குக் காரணம், அவர் விலங்கை விலங்காகப் பார்த்து வரைந்தவர். அவரது அமைப்புகள் பின்வந்தவர்களின் கைகளில் திரும்பத் திரும்ப வந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் அச்சுப் படங்களைத் தேடலாம். செல்சிப் பாத்திரங்களுக்கு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் தொகுப்பு.

இடம் வலம் மாறியிருந்தாலும் ஒப்பிடுங்கள். அச்சுப் படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் வெட்டினால், தாளில் அது திரும்பி விழும். ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்குப் போகும்போது நரி இடமிருந்து வலம் போய்விடும். ஓவியர் எந்தப் புத்தகத்தைப் பார்த்தார் என்பதற்கு நரி நிற்கும் பக்கமே சில நேரம் துப்பு.

விலங்குகளின் நிலையை மட்டும் ஒப்பிடுங்கள்: எந்தக் கால் தூக்கியிருக்கிறது, தலை எங்கே திரும்பியிருக்கிறது, வால் எப்படி வளைகிறது. பின்னணியை விட்டுவிடுங்கள். ஆறு, இடிந்த மண்டபம், தூரத்து மலை எல்லாம் ஓவியர் தன் விருப்பத்துக்குச் சேர்ப்பவை. மரம் பொருந்தவில்லை என்பதற்காகச் சரியான மூலத்தைத் தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காலக் கணக்கு முக்கியம். மூலம் பாத்திரத்துக்கு முந்தியதாக இருக்க வேண்டும். தாமஸ் பீவிக்கின் மரச்செதுக்குப் படங்கள் வந்தது 1784-இலும் 1818-இலும். அவற்றோடு பொருந்தும் ‘1753 செல்சி’யைக் கண்டால் உடனே போலி என்று கத்தாமல் ஒரு படி பின்னால் போங்கள். பீவிக் 1784-இல் கிர்காலின் அமைப்புகளைத் திருத்தி வரைந்தவர். பொருத்தம் அந்த 1722 படத்திலிருந்தே வந்திருக்கலாம். கிர்காலில் இல்லாமல் பீவிக்கில் மட்டும் இருக்கும் ஒரு விவரம் பாத்திரத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு விலக்கு: லிவர்பூலில் சாட்லர் பட்டறை ஈசாப் கதைகளைச் சுவர் ஓடுகளிலும் வெளிர்மஞ்சள் மண்பாண்டங்களிலும் அச்சிட்டது. அவை பீங்கான் அல்ல, கையால் தீட்டியவையும் அல்ல. லென்ஸில் கோடுகள் சீரான பொறிப்புக் கோடுகளாகத் தெரிந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

10. ஓவியர் பெயர்: அவசரமே வேண்டாம்

விற்பனைப் பட்டியல்களில் எல்லா நீதிக்கதையும் ஜெஃப்ரீஸ் ஹாமெட் ஓ’நீல் தீட்டியதுதான். அயர்லாந்துக்காரர், சிற்றோவியர், 1801-இல் இறந்தவர். வுஸ்டரில் அவர் கையெழுத்திட்ட பாத்திரங்கள் உண்டு. செல்சியில் அவர் பெயர் சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த வுஸ்டர்ப் பாத்திரங்களோடு பாணியை ஒப்பிட்டுத்தான்.

ஆகவே கையெழுத்துள்ளவற்றின் படங்களை முன்னால் வைத்து ஒப்பிடுங்கள்: மனித முகபாவம் கொண்ட விலங்கு முகங்கள், செம்பழுப்புப் பாறைகள், ஊதாச் சாயல் மேகங்கள். மூன்றும் சேர்ந்து வந்தால் ‘ஓ’நீல் தீட்டியதாகக் கருதப்படுவது’ என்று எழுதலாம். அதற்கு மேல் ஏறாதீர்கள். அவர் பிறந்தது ஏறத்தாழ 1734 என்கிறார்கள். அப்படியானால் 1750-இன் புடைத்த நங்கூரப் பாத்திரத்தைத் தீட்டியவர் பதினாறு வயதுப் பையன். முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே பெயரை எழுதுங்கள்.

11. பதிவு எழுதுவதும், கோப்பையும் சாஸரும் ஜோடியா என்பதும்

பதிவையும் பார்த்த வரிசையிலேயே எழுதுங்கள்: பொருள், வடிவம், அளவு, மண், ஒளி, முத்திரை, எனாமல், பழுது, கதை, மூலம், ஓவியர். கதைப் பெயரைத் தொடக்கத்தில் எழுதினால் மற்றதெல்லாம் அதற்குச் சாட்சி தேடுவதாகிவிடும். பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். ‘நங்கூரம், சிவப்பு, 5 மி.மீ.’ என்பது பார்த்தது. ‘சுமார் 1753’ என்பது ஊகம்.

கோப்பையும் சாஸரும் சேர்ந்து வந்தால் இரண்டையும் தனித்தனிப் பொருளாக, தனித்தனிப் பக்கத்தில், முதல் படியிலிருந்து பாருங்கள். கோப்பையில் ஒரு கதையும் சாஸரில் வேறு கதையும் இருப்பதைப் பார்த்து ‘ஜோடி மாறிவிட்டது’ என்று எழுதுவது வழக்கமான தவறு. செல்சியில் அப்படித் தீட்டியதுண்டு. கதை ஒன்றாக இருப்பதும் ஜோடிக்கு அத்தாட்சி அல்ல. பின்னால் விளக்கைப் பிடித்து மண்ணின் நிறத்தையும், ஆறாம் படியில் குறித்த பழுப்பு விளிம்புக் கோட்டின் தடிமனையும், புல்லின் பச்சையையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் ஜோடி. கோடு ஒன்றில் நூலாகவும் மற்றதில் பட்டையாகவும் இருந்தால், யாரோ இரண்டு பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.